மஞ்சப்பைக்குள் இருந்த பழைய படம்

போன வியாழக்கிழமை, கூட்டம் சற்றுத் தணிந்த பதினோரு மணி வாக்கில், பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கையில் மஞ்சப்பை. டாக்டர் சீட்டில் இடுப்பு முதுகெலும்புக்கு நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று எழுதியிருந்தது. பேரன் வெளியே பணம் கட்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“பழைய படம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா அப்பத்தா?”

“கெடக்கு தாயி. போன மாசம் வேற எடத்துல எடுத்தது. அது எதுக்கு? இந்த டாக்டரு புதுசா எடுத்தாரச் சொல்லிட்டாரு.”

பையைப் பெஞ்சில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு நகல், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், வெற்றிலைப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த ஒரு எக்ஸ்ரே. மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. லைட் பாக்ஸில் செருகிப் பார்த்தேன். அதே இடுப்பு, அதே இரண்டு கோணம். மூலையில் இருந்த தேதியைப் பார்த்தால், எடுத்து இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மடிப்புக் கோட்டைத் தவிர படத்தில் ஒரு குறையும் இல்லை. எலும்பு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். “பழைய படம் இருக்குன்னு அந்தம்மா சொல்லவே இல்லையேம்மா” என்றார். அவரும் கேட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் வாசலில் எத்தனை பேர் நின்றார்களோ. நடுவில் கீழே விழுந்தாரா, கால் மரத்துப் போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். எதுவுமே இல்லை. “அப்ப புதுசு வேணாம். அதையே கொடுத்து விடுங்க, நான் பாத்துக்கிறேன்.”

அப்பத்தாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திருக்கேன், படம் எடுக்காமத் திருப்பி அனுப்புறியே தாயி” என்று முகம் வாடிப் போனார். ஏதோ அவருக்குக் கிடைக்க வேண்டியதை நான் தடுத்துவிட்டது போல. பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினேன். பேரனுக்குப் புரிந்தது. அவருக்குப் பாதி புரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் எழுதலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மதுரையில் எக்ஸ்ரே டெக்னீசியனாக இருபத்தேழு வருஷம் வேலை பார்க்கிறேன். டார்க் ரூமில் சிவப்பு விளக்குக்கு அடியில் படத்தை டெவலப்பரில் முக்கி, தண்ணீரில் அலசி, ஃபிக்ஸரில் போட்டு, கம்பியில் தொங்கவிட்டுக் காய வைத்த காலத்தில் சேர்ந்தவள். அப்புறம் ஃபிலிமுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் படிக்கும் தகடு வைத்த சி.ஆர். கேசட் வந்தது. இப்போது பட்டனை அழுத்தினால் சில விநாடியில் திரையில் படம் நிற்கிறது. மெஷின் எவ்வளவோ மாறிவிட்டது. உள்ளே வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை: “இந்த லைட்டு உடம்புக்குக் கெடுதலா?”

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன்.

நாம் சும்மா இருந்தாலும் நம் மேல் கதிர்வீச்சு பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மண்ணிலிருந்து, வானத்திலிருந்து, மூச்சுக் காற்றிலிருந்து, சாப்பாட்டிலிருந்து. உடம்பில் படும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஊருக்கு ஊர் இது மாறும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே அதிகம். இத்தோடு ஒப்பிட்டால் நெஞ்சுக்கு நேராக எடுக்கும் ஒரு படம் சுமார் 0.02 மில்லிசீவர்ட்தான். மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் இயற்கையே அவ்வளவு தந்துவிடும். கை விரலுக்கு எடுப்பது அதைவிடவும் குறைவு. ஆனால் அந்த அப்பத்தாவுக்கு எழுதியிருந்த இடுப்பு முதுகெலும்புப் படம் சுமார் 1.5 மில்லிசீவர்ட், அதாவது ஏழெட்டு மாதத்து இயற்கைக் கதிர். வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் என்றால் 7 முதல் 10 வரை போகும். மூன்று நான்கு வருஷத்துக்கு உரியது சில விநாடிகளில்.

“ஸ்கேன்” என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் நம் ஊரில் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேன் வெறும் ஒலி அலை, அதில் கதிர்வீச்சு கிடையாது. டொக் டொக் என்று சத்தம் போடும் எம்.ஆர்.ஐ.யில் இருப்பது காந்தம், அதிலும் கிடையாது. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும்தான் உண்டு. மெஷினை நிறுத்திய மறு விநாடி அந்த அறையில் எதுவும் மிச்சம் இருக்காது. சுவரிலோ கட்டிலிலோ நோயாளியின் உடம்பிலோ அது தங்காது. எக்ஸ்ரே எடுத்த அம்மா வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். இதை நான் வாரத்துக்கு இரண்டு பேரிடமாவது சொல்கிறேன்.

ஒரு படத்தால் வரக்கூடிய ஆபத்து ரொம்பச் சின்னது. ஆனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பை ஒவ்வொரு படமும் ஒரு துளி கூட்டுவதாக வைத்துக்கொண்டுதான் உலகம் முழுக்க விதிகள் வகுத்திருக்கிறார்கள். அந்தத் துளிக்குப் பதிலாக எலும்பு முறிவு தெரிகிறது, நிமோனியா தெரிகிறது, காசநோய் தெரிகிறது என்றால் தயங்காமல் எடுக்க வேண்டும். எதுவுமே புதிதாகத் தெரியப் போவதில்லை என்றால் அந்தத் துளிதான் எதற்கு?

என்னைப் போல் கதிரோடு வேலை செய்கிறவர்களுக்கு வரம்பு உண்டு. ஐந்து வருஷத்துச் சராசரியாக வருஷம் 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிறது. எங்கள் மேல் படும் கதிரை அளக்க சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கணக்குச் சொல்லிவிடும். நோயாளிக்கு இப்படி ஒரு வரம்பும் கிடையாது, பேட்ஜும் கிடையாது. அவருக்கு ஆகும் நன்மையைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அது சரிதான். விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு நான்கு சி.டி. தேவைப்பட்டால் நான்கும் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதனாலேயே டாக்டரின் பேனாவுக்கும் என் விரலுக்கும் பொறுப்பு கூடிப் போகிறது.

பழைய படத்தைப் பற்றி இன்னொன்று. 2019 டிசம்பர் 26ஆம் தேதி காலை கங்கண சூரிய கிரகணம் வந்தது ஞாபகம் இருக்கும். திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அது முடிந்து பத்துப் பதினைந்து நாளில் வாடிப்பட்டிப் பக்கத்து ஐயா ஒருவர் இருமல் என்று நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல். அவருக்கு முன்பே காசநோய் வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானவர். அது பழைய தழும்பா, புதிதாக வந்ததா என்று தெரிய வேண்டும். பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். “வீட்ல பத்திரமா வச்சிருந்தேன்மா. கிரகணம் பாக்கணும்னு பேரப் பிள்ளைக கத்தரிச்சு எடுத்துட்டாய்ங்க” என்றார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. எக்ஸ்ரே படம் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கே கெடுதல், அது வேறு.

சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சி.டி.யும் எடுத்தார்கள். கடைசியில் பழைய தழும்புதான். ஐயாவுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான். ஆனாலும் அந்த சி.டி. எடுத்ததற்கு அவருடைய நுரையீரல் காரணம் இல்லை, வெட்டிப் போன ஒரு படம்தான் காரணம் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன், படத்தைக் கவரோடு பீரோவில் நிமிர்த்தி வையுங்கள். மடிக்காதீர்கள். படங்களைப் பதிந்த கம்ப்யூட்டர் தட்டு கொடுத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து மேசையில் வையுங்கள். இந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது அதே சி.டி. ஸ்கேனை மறுபடி எடுப்பது தினமும் நடக்கிறது. முதல் இடத்தில் எடுத்த படங்களைப் பென்டிரைவிலோ தட்டிலோ கேட்டு வாங்கினால் பாதி இடத்தில் அதைத் தவிர்க்கலாம். செல்போனில் லைட் பாக்ஸைப் போட்டோ பிடித்து வந்தால் போதாது. நுணுக்கமெல்லாம் அதில் அழிந்து போகும்.

இனி அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எக்ஸ்ரே குழாய்க்குக் கீழே கொலிமேட்டர் என்று ஒரு பெட்டி தொங்கும். அதன் பக்கத்தில் இரண்டு திருகுகள். ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் உடம்பின் மேல் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும், நடுவில் கூட்டல் குறி போல ஒரு நிழல் இருக்கும். நோயாளிகள் அந்த வெளிச்சத்தைத்தான் எக்ஸ்ரே என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அது சாதாரண பல்பு வெளிச்சம். எந்த இடத்தில் கதிர் விழப் போகிறது என்று எனக்குக் காட்டுவதற்காக. திருகைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் நெருங்கி வந்து சதுரம் சுருங்கும், கதிரும் அவ்வளவுக்குச் சுருங்கும்.

சீட்டில் “வலது கை” என்று மட்டும் எழுதி வரும். நான் கேட்பேன், “எங்க வலிக்குது? ஒத்த விரலால தொட்டுக் காட்டுங்க.” மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். அப்படியென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் எடுத்தால் போதும், முழங்கை வரை சதுரத்தை விரிக்கத் தேவையில்லை. சுருக்கினால் சிதறும் கதிர் குறையும், படமும் இன்னும் துல்லியமாக வரும். நோயாளிக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. இதற்கு ஆகும் செலவு மூன்று விநாடி.

அந்த மூன்று விநாடியைத்தான் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் காலை முதல் சாயங்காலம் வரை கொலிமேட்டர் முழுசாகத் திறந்தே கிடக்கும். கைக்குழந்தையின் நெஞ்சுப் படத்தில் மண்டையும் வரும், தொடையும் வரும், பிடித்திருக்கும் அம்மாவின் வளையலும் வரும். ஃபிலிம் காலத்தில் அது அப்படியே படத்தில் பதிந்து, டாக்டர் திட்டுவார். இப்போது கம்ப்யூட்டரில் ஓரத்தை மறைத்துவிட்டுப் பிரிண்ட் போட்டால் அளவாக எடுத்த மாதிரியே இருக்கும். குழந்தையின் தொடையில் பட்ட கதிரை எந்தக் கம்ப்யூட்டராலும் திரும்ப எடுக்க முடியாது.

டிஜிட்டலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிலிமில் அளவுக்கு மேல் கதிர் கொடுத்தால் படம் கறுத்துப் போகும். தப்பு உடனே வெளியே தெரியும். இப்போது அளவுக்கு மேல் கொடுத்தால் கம்ப்யூட்டர் சரி செய்து, இன்னும் வழவழப்பாக, அழகாகக் காட்டும். குறைத்துக் கொடுத்தால் படம் ரவை தூவினாற் போல் பொரிந்து நிற்கும், ரேடியாலஜி டாக்டர் உடனே கூப்பிட்டுக் கேட்பார். அதிகமானால் யாரும் கேட்பதில்லை, குறைந்தால் திட்டு. கை எந்தப் பக்கம் போகும்? மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், ஏற்றுகிறவருக்கே தெரியாது. திரையின் ஓரத்தில் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஒரு எண் வரும். அதைப் பார்த்தால் கொடுத்தது சரியா, கூடுதலா என்று தெரிந்துவிடும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் படிக்கச் சொல்கிறேன்.

மறுபடி எடுத்த படங்கள் அந்தக் காலத்தில் ஒரு பெட்டியில் சேரும். அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்கு வாங்கிப் போவார்கள். மாதக் கடைசியில் பெட்டி கனத்தால் பொறுப்பாளர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, யார் எடுத்தது, ஏன் கெட்டது என்று கேட்பார். இன்றைக்கு டெலீட் பட்டன் ஒன்றே போதும், தடயமே இருக்காது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். மறுபடி எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: தேதி, எந்த இடம், ஏன். அந்த நோட்டைப் புரட்டினால் காரணங்கள் திரும்பத் திரும்ப அதேதான். மூச்சு. அசைவு. ஊக்கு.

ஊக்கு என்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஊர்ப் பெண்கள் தாலிக்கயிற்றில் நாலைந்து ஊக்கு கோத்திருப்பார்கள். கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்கள், சொல்லவும் கூடாது. “தாலியை மேல தூக்கி உதட்டால கவ்விக்கங்கம்மா” என்பேன். தாலியும் காப்பாற்றப்படும், நுரையீரலும் தெளிவாகத் தெரியும். பின்னலைத் தூக்கி உச்சியில் கொண்டை போடச் சொல்வேன். முன்பக்கம் தொங்கும் ஈரப் பின்னல் நுரையீரலின் மேல்நுனியில் விழுந்தால் அது காசநோய்ப் படலம் போலவே தெரியும். தாயத்து, இடுப்பு வெள்ளிக் கொடி, சட்டைப் பைக்குள் சில்லறை, எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிப்பதை, மெஷினைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டச் சொல்வேன். காது கேட்காத பெரியவர் என்றால் நானே அவர் முன்னால் நின்று இழுத்துக் காட்டுவேன், அவரும் இழுப்பார். முதல் தடவையிலேயே படம் சரியாக வந்துவிடும்.

குழந்தை என்றால் பிடிக்க ஆள் வேண்டும். அம்மா வயிற்றில் இன்னொன்று இல்லை என்று தெரிந்தபின் அம்மாவுக்குக் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் மாட்டிப் பிடிக்கச் சொல்வேன், இல்லையென்றால் அப்பா. டெக்னீசியன் பிடிக்கக் கூடாது. எங்களுக்கு அது தினசரி ஆகிவிடும். எக்ஸ்ரேயின் ஆரம்ப காலத்தில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கையையே வைத்து வைத்துச் சோதனை செய்து, புண்ணாகி, கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904இல் இறந்து போனார். ரான்ட்ஜன் இதைக் கண்டுபிடித்து ஒன்பதே வருஷம் ஆகியிருந்தது. முதல் வகுப்பில் எங்கள் வாத்தியார் சொன்ன கதை இது. இன்றைக்கும் ஐ.சி.யூ.வில் கட்டிலோடு மெஷினை வைத்து எடுக்கும்போது இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கிறேன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும்.

ஈய ஏப்ரனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. நாங்கள் படிக்கும்போது நோயாளியின் பிறப்புறுப்பை ஈயத் தகட்டால் மறைக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்காவின் மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் சொன்னது, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அவர்களுடைய தேசியக் குழு 2021இல் சொன்னது. மெஷின்கள் முன்பைவிட மிகக் குறைவான கதிரில் வேலை செய்கின்றன. உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை மேலே போட்ட தகடு தடுக்காது. தகடு நகர்ந்து பார்க்க வேண்டிய எலும்பை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டி வரும். அதனால் இன்றைக்கு உங்களுக்கு ஏப்ரன் போடவில்லை என்றால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். வெளிச்சச் சதுரம் எவ்வளவு பெரிதாக விழுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் நின்று பிடிப்பவருக்கு மட்டும் ஏப்ரன் கண்டிப்பாக வேண்டும்.

இதை எழுதும்போது ஒரு பெண்ணின் முகம் வந்து நிற்கிறது. சொல்லாமல் விட முடியாது.

2002 வாக்கில், நகரத்துக்குள் ஒரு சின்ன நர்சிங்ஹோமில் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், குடம் தூக்கியதில் இடுப்பு வலி என்று வந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். வெளியே வரிசை நீண்டு நின்றது, முதலாளி “வெரசா முடிங்க” என்று இரண்டு தடவை வந்து போய்விட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மாமியாரோடு திரும்பி வந்தாள். நாள் தள்ளிப் போய், பரிசோதித்ததில் கர்ப்பம். எக்ஸ்ரே எடுத்ததைக் கேட்ட யாரோ, பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று சொல்லிவிட்டார்கள். “கலைச்சுரலாம்னு வீட்ல சொல்றாங்க” என்று மாமியார் சொன்னபோது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை நடுங்கியது. அன்றைக்கு வாரம் இருமுறை வரும் ரேடியாலஜி டாக்டர் உள்ளே இருந்தார். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். கருவுக்குக் கேடு வருமோ என்று யோசிக்கவே 100 மில்லிகிரே (உடம்பு உள்வாங்கும் கதிரின் அளவு) வரை போக வேண்டும். இந்த மாதிரி இடுப்புப் படத்தில் கருவுக்குப் போவது சில மில்லிகிரே மட்டும். இதற்காகக் கலைக்கத் தேவையே இல்லை. எழுதியும் கொடுத்தார். மாமியார் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். பத்துப் பதினோரு வயதில் கிரிக்கெட் ஆடிக் கை உடைந்து, நான் அப்போது இருந்த சென்டருக்கே வந்தான். அந்தப் பெண்தான் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றேன்.

அன்றையிலிருந்து கேட்காமல் ஒரு படம் எடுத்ததில்லை. “எப்பம்மா தலைக்குக் குளிச்சே? நாள் தள்ளிப் போயிருக்கா?” மாமியார் கூட நின்றால் ஏதாவது சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். கல்யாணம் ஆகாத பெண்ணிடமும் கேட்பேன், அதே குரலில். கோபப்பட்டவர்கள் உண்டு. பரவாயில்லை. கருவிலிருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருவதை இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற டாக்டர் 1956இல் முதன்முதலாக எடுத்துச் சொன்னார், அம்மாக்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுத்தான். ரொம்ப நாள் அதை நம்ப மறுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கமாக இருந்த காலம் அது.

தேவையில்லாத படங்களில் டாக்டரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. முதுகு வலி வந்து நான்கு நாள்தான் ஆகியிருக்கும். விழவில்லை, காய்ச்சல் இல்லை, கால் மரக்கவில்லை. இதில் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே குறையும். டாக்டர் அதைச் சொன்னால், “ஒரு படம்கூட எடுக்காத டாக்டரு” என்று வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். சளி பிடித்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு சைனஸ் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று நிற்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் சாதாரணச் சளிக்கே அது மங்கலாகத்தான் தெரியும். தை மாதம் அலங்காநல்லூர், பாலமேடு முடிந்ததும் விலாவில் முட்டு வாங்கிய பையன்கள் வருவார்கள். நெஞ்சுக்கு ஒரு நேர்ப்படம் எடுத்து நுரையீரல் சுருங்கவில்லை என்று பார்த்துவிட்டால் பெரும்பாலும் போதும். விலா ஒவ்வொன்றையும் சாய்த்துச் சாய்த்து எடுப்பதால் மருந்து மாறப் போவதில்லை. இதைச் சொன்னால், “எத்தன எலும்பு ஒடஞ்சிருக்குன்னு தெரிய வேணாமாக்கா?” என்பார்கள். ஊரில் சொல்லிக்கொள்ள வேண்டுமே!

ஆனால் பயந்துபோய்த் தேவையான படத்தை மறுப்பதும் எனக்கு அதே அளவு வருத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரியில் வியர்வை, எடை குறைவு என்றால் நெஞ்சுப் படம் எடுத்தே ஆக வேண்டும். காசநோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் மூன்று நாள் இயற்கைக் கதிர் ஒரு பொருட்டே இல்லை. யாராவது “எக்ஸ்ரே வேணாம், கதிர்வீச்சு” என்று போனில் படித்ததைச் சொன்னால், அவரையும் உட்கார வைத்து இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இன்று காலை அந்த அப்பத்தாவே மறுபடி வந்தார். இந்த முறை இடுப்பு இல்லை. வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வீங்கி, முள் கரண்டியைக் கவிழ்த்தது போல வளைந்திருந்தது. நான் கேட்பதற்குள் மஞ்சப்பையிலிருந்து பழைய படத்தை எடுத்து நீட்டினார். அதற்குப் பேரன் ஒரு அட்டைக் கவர் செய்து போட்டிருந்தான். “இது இடுப்புப் படம் அப்பத்தா, கைக்கு இது ஆகாது. இன்னைக்குக் கண்டிப்பா எடுத்தாகணும்” என்றேன். “எடு தாயி, நீ சொன்னாச் சரிதான்” என்றார். ஒத்த விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். காட்டினார். வளையலைச் சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழற்றினோம், சதுரத்தை மணிக்கட்டு அளவுக்குச் சுருக்கினேன், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டும் முதல் தடவையிலேயே வந்தன. கவரின் மேல் தேதியையும் “வலது மணிக்கட்டு” என்பதையும் மார்க்கரில் பெரிதாக எழுதி, இடுப்புப் படத்தோடு சேர்த்துப் பேரன் கையில் கொடுத்தேன்.